ஸ்டியரிங் இருப்பது கையிலா, கண்ணிலா?

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவரின் கருத்து)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட மலர்க்குழு நண்பர்கள், "கவிதை மட்டும் வேண்டாம் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். இந்த வருடமும் காதல் கவிதைகள் ஒரு கட்டு வந்து சேர்ந்துவிட்டதாம். எனக்கும் கவிதை வராது. அதனால் நான் கொஞ்ச நாளாகக் கோபத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஓடுகிற வண்டியை எப்படித் திருப்புகிறோம் என்பதுதான் அது.

"இதென்னப்பா பெரிய விஷயம், ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப வேண்டியதுதானே!" என்பீர்கள். நம் பாடப்புத்தகமும் அப்படித்தான் நினைக்கிறது. அக்கர்மன் ஸ்டியரிங், கேஸ்டர், கேம்பர், கிங் பின் சாய்வு, டோ-இன்... படம் போட்டு பாகம் குறித்தால் மார்க் நிச்சயம். அக்கர்மன் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1818-ல். இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த லிங்க்கேஜை விடாமல் படிக்கிறோம். ஸ்டியரிங் வீலிலிருந்து டயர் வரைக்கும் உள்ள ஒவ்வொரு மூட்டும் நமக்கு அத்துப்படி. ஆனால் அந்த வீலுக்கும் முன்னால் ஓர் இணைப்பு இருக்கிறதே, டிரைவரின் கண்ணிலிருந்து கைக்கு வருவது, அதைப்பற்றி எங்கேயாவது ஒரு வரி படித்திருக்கிறீர்களா?

என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பைக் லைசென்ஸுக்கு எட்டு போடப் போன அன்று, அத்தனை பேர் பார்க்க இரண்டாவது வளைவிலேயே காலை ஊன்றிவிட்டேன். முன்சக்கரத்தையும் தரையில் இருந்த கோட்டையும் உற்று உற்றுப் பார்த்து ஓட்டியதுதான் நான் செய்த தப்பு. அடுத்த முறை போனபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், ஏதோ பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "தம்பி, சக்கரத்தப் பாக்காதீங்க. வளைஞ்சு எங்க போகோணுமோ அந்த எடத்தப் பாருங்க. வண்டி கண்ணு பின்னாடியே வந்துரும்" என்றார். வந்துவிட்டது! அதே கை, அதே பைக், அதே கிரவுண்ட்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓவர்லாக் டைலர். "இதச் சொல்லித் தர ஒரு ஆள் வேணுமாக்கும்? ஊசியப் பாத்துத் தெச்சா தையல் கோணிக்கும் கண்ணு. முன்னால வர்ற துணி ஓரத்தத்தான் பாக்கோணும்" என்று சிரித்தார். பனியன் கம்பெனியில் கைமடித்துக் கொடுக்கும் பையனுக்குக்கூட முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் இந்த விஷயம், பணம் கட்டி டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறவனுக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. கிளட்ச், கியர், இன்டிகேட்டர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டால் "முன்னாடி பாருப்பா" என்ற ஒரு அதட்டல்தான் பதில். முன்னாடி என்றால் எவ்வளவு முன்னாடி? பானட்டுக்கு அடுத்த பத்தடியா, அடுத்த வளைவா? இது சின்னக் கேள்வி இல்லை. 1972-ல் அமெரிக்காவில் மூரன்ட், ராக்வெல் என்ற இருவர் புது டிரைவர்களின் கண்ணசைவையும் பழகிய டிரைவர்களின் கண்ணசைவையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்கு மிக அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழகியவர்கள் தூரத்தைப் பார்த்தார்கள். பக்கத்திலிருக்கும் கோட்டை ஓரக்கண்ணாலேயே கவனித்துக்கொண்டார்கள். எல் போர்டு கார் பாம்பு மாதிரி நெளிந்து போவதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்தக் கையை விட அந்தக் கண்ணைத்தான் திருத்த வேண்டும்.

போன வருட வால்பாறை டூர் ஞாபகம் இருக்கிறதா? பின் சீட்டில் நீங்கள் எல்லாம் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, வாந்தி வரும் என்று பயந்து நான் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் இறங்கி எல்லோரும் போட்டோ எடுத்தீர்கள். நான் அதுவரை வேடிக்கை பார்த்தது டிரைவரின் கழுத்தை! ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் அசைவதற்கு முன்னாலேயே தலை திரும்பிவிடுகிறது. சாதாரண வளைவு என்றால் உள் ஓரத்தை ஒரு பார்வை. கொண்டை ஊசி என்றால் முன் கண்ணாடியை விட்டுவிட்டு, பக்கத்து ஜன்னல் வழியாக மேலே ஏறிப்போகும் ரோட்டைத் தேடுகிறார். எதிரே வண்டி வருகிறதா, வளைவு எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்ட பிறகுதான் கை சுற்றத் தொடங்குகிறது. கேட்டேன். "நானு எங்கீங்க தம்பி அதெல்லாம் பாத்தேன்? சும்மா ஓட்டறேன், அவ்ளோதான்" என்றார். தான் எங்கே பார்க்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. தெரியாததால்தான் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் முடிவதில்லை.

இதே வேடிக்கையைக் கருவி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் குன்றைச் சுற்றிப்போகும் குயின்ஸ் டிரைவ் என்ற வளைவு வளைவான ரோட்டில் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இரண்டு விஞ்ஞானிகள் டிரைவர்களுக்குக் கண்ணசைவுக் கேமராவை மாட்டி ஓட்டவிட்டு, 1994-ல் "நேச்சர்" இதழில் முடிவை எழுதினார்கள். வளைவுக்குள் நுழைவதற்கு ஒன்று இரண்டு வினாடி முன்பே டிரைவரின் கண் வளைவின் உள் ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தேடிப் போய்விடுகிறது. நம் கண்ணிலிருந்து ஒரு நேர்கோடு போட்டால் அது அந்த ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போகிற இடம். ஜியோமெட்ரியில் தொடுகோடு படித்தோமே, அதேதான். தொடுபுள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது வளைவு என்றால் ரோட்டின் இடது ஓரத்தில் இருக்கும். வலது வளைவு என்றால் நடுக்கோட்டிலோ வலது ஓரத்திலோ இருக்கும். ரோடு முழுக்க நம்மை நோக்கி ஓடிவந்துகொண்டிருக்க, வளைவு சீராக இருக்கும் வரை அந்த ஒரு புள்ளி மட்டும் கண்ணாடியில் அதே இடத்தில் நிற்கும்.

அதைப் பார்த்து என்ன லாபம்? கால்குலேட்டரை எடுங்கள். நாம் ஓட்டும் பாதையின் ஆரம் 50 மீட்டர், உள் ஓரத்திலிருந்து நாம் 2 மீட்டர் தள்ளிப் போகிறோம் என்று வைப்போம். 50-ல் 2 போனால் 48. 48-ஐ 50-ஆல் வகுத்தால் 0.96. கோசைன் மதிப்பு 0.96 வரும் கோணம் 16 டிகிரி சொச்சம். அதாவது வண்டி நேராகப் பார்க்கும் திசைக்கும் தொடுபுள்ளிக்கும் இடையே 16 டிகிரி. ஆரம் 200 மீட்டர் உள்ள லேசான வளைவு என்றால் அந்தக் கோணம் 8 டிகிரிதான் வரும். ஆக, கண் எவ்வளவு பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது என்பதே வளைவு எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லிவிடுகிறது. வீல்பேஸ் 2.4 மீட்டர் உள்ள காருக்கு 50 மீட்டர் ஆரத்தில் முன்சக்கரம் 2.75 டிகிரி திரும்ப வேண்டும்; ஸ்டியரிங் விகிதம் 15-க்கு 1 என்றால் கையில் 41 டிகிரி. இந்தக் கணக்கை நாம் பேப்பரில் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லாரி டிரைவரின் கண்ணும் கழுத்தும் ஒரு வினாடிக்குள் போட்டு முடித்துவிடுகின்றன!

டிரைவர் பார்ப்பது தொடுபுள்ளியையா, தான் போகப்போகும் பாதையையேவா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. 2000-க்குப் பிறகு வந்த பல கட்டுரைகள் பாதை கட்சி. வால்பாறை அண்ணனைப் பார்த்த வகையில் எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. ஒன்றிரண்டு வினாடி முன்னால் பார்த்தாக வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் சண்டை இல்லை.

லாண்ட் அடுத்த வருடமே, 1995-ல், ஹார்வுட் என்பவரோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிமுலேட்டர் திரையில் ரோட்டை முழுக்க மறைத்துவிட்டு, ஒரு மெல்லிய பட்டை அளவு மட்டும் காட்டினார்கள். தூரத்துப் பட்டையை மட்டும் காட்டினால் டிரைவர் வளைவை அழகாக, வழவழப்பாக எடுக்கிறார். ஆனால் லேனின் நடுவில் நிற்க முடியாமல் ஒதுங்கிவிடுகிறார். அருகிலிருக்கும் பட்டையை மட்டும் காட்டினால் லேனில் நிற்கிறார். ஆனால் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. இரண்டையும் காட்டினால் ரோடு முழுக்கத் தெரிவது போலவே ஓட்டுகிறார். அப்படியென்றால் கண் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தூரம், "அடுத்து என்ன வருகிறது" என்று சொல்கிறது. பக்கம், "இப்போது எங்கே இருக்கிறாய்" என்று சொல்கிறது. ஒன்று போனால் மற்றது வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் நன்றாக ஓட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

"எனக்கெல்லாம் கை பழகிப்போச்சு, கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன்" என்று ஹாஸ்டலில் பீற்றும் நண்பர்களுக்கு ஒரு பரீட்சை. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து ஸ்டியரிங் போலப் பிடியுங்கள். கண்ணை மூடுங்கள். நான்கு வழிச் சாலையில் இடது லேனில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். இப்போது வலது லேனுக்கு மாறிக் காட்டுங்கள். என்ன செய்தீர்கள்? வலது பக்கம் கொஞ்சம் திருப்பி, மறுபடி நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பீர்கள். போச்சு! வண்டி சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. ஏனென்றால் ஸ்டியரிங்கை நேராக்கியதும் வண்டி லேனுக்கு நேராகிவிடாது. வலது பக்கம் சாய்ந்த அதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கும். வலது பக்கம் திருப்பிய அளவுக்கு இடது பக்கமும் திருப்பி, அப்புறம்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தினமும் அப்படித்தான் செய்கிறோம், ஆனால் செய்வது நமக்கே தெரியாது. ஜெர்மனியில் டூபிங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் வாலிஸ் என்பவரும் நண்பர்களும் இதைச் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். திரையை இருட்டாக்கினால் அனுபவமுள்ள டிரைவர்களும் அந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பில் தட்டை வைத்துச் செய்து பார்த்தேன். ஒரே ஒருவனைத் தவிர எல்லோரும் மீடியனில் ஏறினார்கள். அந்த ஒருவனும் முன்கூட்டியே பதிலைக் கேட்டுக்கொண்டு வந்தவன் என்று பிறகு தெரிந்தது.

கை பழகுவது என்று ஒன்று தனியாக இல்லை நண்பர்களே. கண் தகவல் தரத் தரத்தான் கை வேலை செய்கிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி பக்கத்தில் நடந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கண்டெய்னர் லாரி ஒன்று சென்டர் மீடியனைத் தாண்டி வந்து கேரள அரசு பஸ்ஸின் மேல் மோதி 19 பேர் இறந்துபோனார்கள். லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடிக்கு 44 மீட்டர். ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டிக்கொண்டு மேப் பார்க்கும் நமக்கும் கணக்கு ஒன்றுதான்: 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி போனைப் பார்த்தால் 28 மீட்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

என் அப்பா வேன் டிரைவர். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, சாயப்பட்டறையிலிருந்து காம்பாக்டிங்குக்கு, அங்கிருந்து கட்டிங்குக்குத் துணி ரோல் ஏற்றி இறக்குவது. ஷிப்மென்ட் அவசரம் என்றால் பகல் இரவு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் தாராபுரம் ரோட்டில் இரவு பதினொரு மணிக்கு எதிரே வந்த லாரி ஹை பீமை இறக்கவே இல்லை. அப்பா இடது பக்கம் ஒதுங்கினார். அங்கே டெயில் லைட்டும் இல்லாமல் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. நல்ல வேளை, வேனின் ஒரு பக்கம் மட்டும் கிழிந்தது. மறுநாள் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்களாம்: "இத்தன வருச சர்வீசு, ஸ்டியரிங் புடிக்கத் தெரியலியா?" ரிப்பேர் செலவைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அன்று இரவு அப்பா சொன்னது எனக்கு மறக்காது. "கையெல்லாம் சரியாத்தான் சாமி இருந்துச்சு. லைட்டு பட்டதும் ரோடே காணாமப் போயிருச்சு."

லாண்ட் சோதனையில் திரையை மறைத்தார்களே, நம் ரோட்டில் எதிர் வண்டி ஹை பீம் செய்வது அதேதான். தூரத்துப் பட்டையை முழுசாக மறைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது பக்கத்தில் தெரியும் ரோட்டோரம் மட்டும். அதுவாவது தெரிய வேண்டுமென்றுதான் ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுகிறார்கள். இந்திய சாலைக் காங்கிரசின் 35-ஆம் எண் விதித்தொகுப்பு முழுக்க முழுக்கக் கோடுகளைப் பற்றியது. அந்தக் கோட்டின் மேல் மண் மூடிக் கிடந்தால், குழாய் பதிக்கத் தோண்டிவிட்டுக் கோடு போடாமல் விட்டால், வளைவில் இருக்க வேண்டிய அம்புக்குறி பலகையின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினால், டிரைவரின் ஸ்டியரிங்கில் ஒரு மூட்டைக் கழற்றிவிட்டது போலத்தான். டை ராட் கழன்ற வண்டி மோதினால் மெக்கானிக்கைக் கேட்கிறோம். கோடு அழிந்த ரோட்டில் மோதினால் மட்டும் டிரைவரைத் திட்டுகிறோம். இது என்ன நியாயம்?

ஊரைச் சொல்வதற்கு முன் நம் பார்க்கிங் ஷெட்டைப் பார்ப்போம். ஆலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் ஆன்லைனில் வாங்கிய எல்.இ.டி.யை மாட்டியிருக்கும் பைக்குகள் எத்தனை! லோ பீமுக்கு மேல்பக்கம் ஒரு வெட்டு இருக்கிறது. அதற்கு மேலே வெளிச்சம் போகக்கூடாது என்பதற்காக. பல்பின் ஒளி வரும் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலே அந்த வெட்டு கெட்டு, வெளிச்சம் எதிரே வருபவனின் முகத்தில் சிதறும். நாமெல்லாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஃபோக்கல் பாயின்ட் என்றால் என்னவென்று தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு சைக்கிளிலும் மொபெட்டிலும் வீடு திரும்பும் பனியன் தொழிலாளிகளின் கண்ணில்தான் நம் ஸ்டைல் எல்லாம் போய் விழுகிறது.

அப்பாவின் கண்ணைப் பரிசோதித்தபோது இரண்டிலும் புரை ஆரம்பித்திருப்பது தெரிந்தது. புரை விழுந்த கண்ணில் எதிர் லைட்டின் வெளிச்சம் உள்ளேயே சிதறி வெள்ளைப் புகை போல ஆகிவிடும். வயது ஏற ஏற, லைட் போன பிறகு கண் பழைய நிலைக்கு வரவும் நேரமாகும். ஆனால் பகலில் அவருக்கு எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தது! லைசென்ஸ் விண்ணப்பத்தோடு நாமெல்லாம் கொடுத்த படிவம் 1-ல் ஒரு கேள்வி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று. ஆம் என்று டிக் செய்தோம். இரவு வேலை செய்கிறவனைப் பகல் வெளிச்சத்தில் பரிசோதிக்கும் கேள்வி இது. வேன், லாரி ஓட்டுகிறவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் உண்டு. அதிலும் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. எதிரே வெளிச்சம் அடிக்கும்போது என்ன தெரிகிறது, ஓரக்கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று நம் பக்கத்து டிரைவர்களை யாராவது சோதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவும் தானாகப் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். கண் சரியில்லை என்று தெரிந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். பயம் நியாயமானதுதான்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து அதே ரோட்டில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். "இங்க ஓரத்துல வெள்ளக் கோடு இருக்குது பாரு! இத்தன நாளா நா அழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். அந்த ரோட்டையாவது இத்தனை நாள் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வருடா வருடம் ரத்ததான முகாம் நடத்துகிறோம், நல்லது. இந்த வருடம் என்.எஸ்.எஸ். நண்பர்களோடு சேர்ந்து வேன், ஆட்டோ, லாரி டிரைவர்களுக்காக ஒரு கண் முகாம் நடத்துவோம். பகலில் வேண்டாம், ஷிப்ட் முடிந்து அவர்கள் வரக்கூடிய இரவு ஏழு மணிக்கு மேல். எழுத்துப் பலகையோடு, எதிரே வெளிச்சம் வைத்தும் பார்க்கச் சொல்லி டாக்டர்களிடம் கேட்போம். முடிவை முதலாளிக்குச் சொல்லக்கூடாது, டிரைவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். மிச்சப் பணத்தில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி, நம் கல்லூரியைச் சுற்றி நிற்கும் டிரெய்லர்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் ஒட்டலாம். ஆட்டோமொபைல் லேபில் ஹெட்லைட் அலைன்மென்ட் பார்க்கச் சுவரும் இருக்கிறது, அளவு டேப்பும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நம் பைக்குகளையே வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம். என் பைக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். நானும் அந்த எல்.இ.டி.யை மாட்டிக்கொண்டு ஒரு வருடம் திரிந்தவன்தான்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பு தெரிவிக்க விரும்பும் நண்பர்கள் கேன்டீன் தட்டு ஒன்றோடு வரவும். கண்ணை மூடிக்கொண்டு லேன் மாறிக் காட்டிவிட்டால் தீர்மானத்தை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விடையை இந்த மலரிலேயே படித்துவிட்டவர்கள் போட்டியில் சேர்த்தி இல்லை!